கிளாலி விளையாட்டு

டைனமோ சூடாக இருந்தது.

ஐரிஸ் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். சனிக்கிழமை பின்னேரம். வீட்டின் நடுவால் போகும் ஒடுங்கிய நடையில், ஸ்ராண்டில் ஏற்றியபடி நின்ற தம்பியின் சைக்கிளைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹாண்டிலிலும் சீற்றிலும் விரல் பதிகிற அளவுக்குத் தூசி படிந்திருந்தது. முன் சில்லின் கம்பிகளுக்கிடையில் ஒரு சிலந்தி வலை பின்னி, அதுவும் பழசாகிக் கறுத்துத் தொங்கியது. பின் சில்லோடு ஒட்டிக்கொண்டிருந்த சின்னப் போத்தல் போன்ற டைனமோ மட்டும், யாரோ உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்துவிட்டு இப்போதுதான் விட்டுப் போனதுபோல இளஞ்சூடாக இருந்தது. நடைக்கு வெயில் வருவதில்லை. அடுப்படியும் நடையின் மறு அந்தத்தில், தள்ளித்தான் இருந்தது. இரும்பென்றால் சூடு பிடிக்கும்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, துடைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோனாள்.

அந்தச் சைக்கிள் ஓடுவதற்காக அங்கே நிற்கவில்லை. கரண்ட் போய் மூன்றாவது வருஷம். பற்றரி, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் ஆமி விடாத சாமான். உடுவிலில் ரேடியோ கேட்க ஆசைப்பட்டவர்கள் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் மிதிக்க, டைனமோ தருகிற மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். அவளுடைய தம்பி அன்புராஜா அதே வித்தையை ஒரு கேமுக்குச் செய்தான்.

ஜேர்மனியில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அனுப்பிய கேம். சவர்க்காரப் பெட்டி அளவு. வழியில் எங்கோ ஒரு சோதனையில் பற்றரியைக் கழற்றிவிட்டு வெறும் உடம்பை மட்டும் கொடுத்திருந்தார்கள். அன்புராஜா பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய சில்லறைச் சாமான்களை ஒட்டி, டைனமோவிலிருந்து ஒரு வயரை நடையின் நிலைக்கு மேலால் இழுத்து, முன்னறை ஜன்னற்படியில் கிடந்த கேமின் வயிற்றுக்குள் கொண்டுவந்து சேர்த்தான். அது உயிர்பெற்று ஒருதரம் கிணுங்கியபோது, அம்மா நேசம்மா சேவல் குஞ்சு என்று நினைத்தாள். அவளுடைய கண்களில் வெண்படலம் விழுந்து, வெளிச்சம் இருட்டு என்ற பேதம் மட்டும் மிஞ்சியிருந்தது.

திரையில் ஓர் ஆறு. ஆற்றில் ஒரு படகு. படகில் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன். இக்கரையில் நிற்பவர்களை ஒவ்வொருவராக ஏற்றி அக்கரையில் இறக்கவேண்டும், ஆளுக்கொரு புள்ளி மூலையில் ஏறும். மேலேயிருந்து மரக்குற்றிகள் மிதந்து வரும். இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்றாக இரண்டு பொத்தான்கள், அவற்றை அமத்தி விலகவேண்டும். ஒரு குற்றி பட்டாலும் படகு கவிழும், மனிதன் இரண்டு கையையும் தூக்கியபடி தண்ணீருக்குள் நிற்பான், மூன்று தரம் கிணுங்கிவிட்டுக் கேம் முடிந்துவிடும். பெட்டியில் ஜேர்மன் பாஷையில் என்னவோ பெயர் எழுதியிருந்தது. ஒழுங்கையில் அயலவர் எல்லாரும் அதைக் கிளாலி என்றுதான் சொன்னார்கள். ஊரை விட்டுப் போக மிஞ்சியிருந்த ஒரே வழி கிளாலிக் கடலேரிதான். வள்ளங்களைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, முன்னால் போகும் ஒன்று மட்டும் மோட்டரில் இழுக்க, இருட்டில் கடக்கவேண்டும்.

கேமைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. பக்கத்து வீட்டு செல்வரட்ணம் மாஸ்டர், கணக்குப் படிப்பித்து ஓய்ந்தவர், இது வேலையில்லாதவன் பெருவிரலைத் தேய்க்கிற கருவி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து இந்த வீட்டு முன்னறையில்தான் காற்று நல்லது என்று பின்னேரந்தோறும் வந்துவிட்டார். எதிர்வீட்டுப் பூரணம், குற்றி வரும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு பொத்தானையும் சேர்த்து அமத்துவாள். படகுக்காரன் அச்சொட்டாகத் தன் செத்துப்போன புருஷன் மாதிரி, சொன்னால் கேட்கிற ஆளில்லை என்பாள்.

"உவன் ஏன் ஓயாமல் போறதும் வாறதுமாய் நிக்கிறான்?" என்று ஒருநாள் மாஸ்டர் கேட்டார். "போன இடத்திலை நிண்டிட்டால் என்ன?"

"நிண்டால் கேம் முடிஞ்சிடும், மாஸ்டர்," என்றான் அன்புராஜா.

திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதனால் விளையாடுகிறவர் மேற்கு ஜன்னலுக்கு முகம் கொடுத்துக் கதிரையில் இருக்கவேண்டும். மிதிக்கிறவர் அவருக்குப் பின்னால், நடைக்குள். மிதிக்கிறவருக்கு விளையாடுகிறவரின் முதுகு தெரியும். விளையாடுகிறவருக்கு மிதிக்கிறவரின் சத்தம் மட்டும்தான். கால் சோர்ந்தால் படகும் குற்றிகளும் வெளுத்துப் போகும். அப்போது கதிரையிலிருந்து திரும்பாமலே "மங்குது" என்று சொன்னால் போதும், பின்னால் இரைச்சல் கூடும். படகு கவிழ்ந்தால் விளையாடினவர் எழுந்து மிதிக்கப் போகவேண்டும், மிதித்தவர் கதிரைக்கு வரவேண்டும். நடை ஒடுக்கம் என்பதால் நிலையடியில் தோளோடு தோள் உரசித்தான் இருவரும் கடப்பார்கள். அதுதான் ஒழுங்கு. அம்மாவைத் தவிர எல்லாருக்கும் அதுதான்.

அன்புராஜா உட்கார்ந்தால் மிதிக்கிறவர் பாடு திண்டாட்டம். அவனுக்குப் படகு கவிழாது. அவன் கையால் படகுக்காரன் ஒருநாளும் செத்ததில்லை. மிதிக்கிறவர்களின் கால் ஓய்ந்து, வெளுத்து, இல்லாமல்தான் போனான்.

ஒருநாள் அவன் கேமை வயரிலிருந்து கழற்றி, சாய்வாக வெளிச்சத்தில் பிடித்து அவளுக்குக் காட்டினான். உயிரில்லாத கண்ணாடிக்குள் எல்லாமே மிக மெல்லிய சாம்பல் நிறத்தில் தெரிந்தன: எல்லாக் குற்றிகளும், எல்லா இடத்திலும் படகும், எல்லாப் படகிலும் அந்த மனிதனும், நடுவில் தண்ணீருக்குள் கையைத் தூக்கியபடி நிற்பவனும். எல்லாவற்றையும் முன்னமே கீறி வைத்திருக்கிறார்கள் என்றான் அவன். கரண்ட் எந்த இடத்தைத் தொடுகிறதோ அது மட்டும் கறுக்கும், அவ்வளவுதான். அவள் அதை அதிகநேரம் பார்க்கவில்லை.

கொழும்பில் அவனுக்கு ஒரு நேர்முகம் வந்தது. வெளியே போகப் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க, போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்கவேண்டும். அவர் வரும்வரை பிணை நின்றவர் எங்கும் போகமுடியாது. ஐரிஸ் பிணை நின்றாள். போகிற பின்னேரம்கூட அவன் ஜன்னலடியில் இருந்தான், அவள் மிதித்தாள். ஒழுங்கை முகப்பில் வான் ஹோர்ன் அடித்தது. அவள் காலை எடுத்தாள்.

"அறுநூற்றுப் பன்னிரண்டு," என்று அவன் பையைத் தூக்கினான். "வந்து மிச்சத்தை விளையாடுறன், அக்கா. வயரைக் கழற்றிப்போடாதேங்கோ."

மின்சாரம் நின்றால் கேம் எல்லாவற்றையும் மறந்துபோய் மறுபடி பூச்சியத்திலிருந்துதான் தொடங்கும் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் அப்படிச் சொன்னான். அவளும் கழற்றவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு தம்பிஐயா படலையடியில் வந்து நின்றார். கடலேரி கடந்துபோய்ச் சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் கொண்டுவந்து விற்கிறவர். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றி, முன் சில்லைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். அன்றைக்குக் கடலேரியில் நேவியின் துவக்குச் சூடு விழுந்ததாம். இடையில் கயிறு அறுந்ததாம்.

"எங்கடை வள்ளங்கள் ஒருமாதிரிக் கரை சேந்திட்டுது, பிள்ளை. அவன் கடைசி வள்ளத்திலை இருந்தவன்."

"பிறகு?"

"பிறகு இருட்டு. எனக்கு ஒண்டும் தெரியாது. அம்மாவுக்கு இப்ப சொல்லாதையும்."

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று ஐரிஸ் கேட்டாள். வேண்டாமென்று அவர் போனபின் உள்ளே வந்து புட்டு அவித்தாள். அம்மாவுக்குத் தேங்காய்ப்பூ கூடப் போட்டுக் கொடுத்தாள். தம்பியிடமிருந்து சேதி வந்ததா என்று அம்மா கேட்டபோது, வரும் என்றாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுவதும் இருந்தது: தொட்டால் தொடுவது தெரியும், தொடப்படுவது தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தான் வேலை செய்யும் கந்தோருக்குப் போய்த் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் இருந்தாள். புது ரிபன் வராமல் வருஷமாகியிருந்தது. கார்பன் தாளை இடையில் வைத்துத்தான் அடிப்பார்கள். எவ்வளவு அமத்தி அடித்தாலும் மேல் தாள் வெறுமையாகவே வரும். எழுத்தெல்லாம் கீழ்த் தாளில் விழும். அவள் மேல் தாளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படியிருக்கையில்தான் டைனமோ சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோயிலால் வந்து, கிணற்றடியில் துலாக்கொடியைப் பிடித்தபடி நின்றபோது அந்த இரைச்சல் கேட்டது. டைனமோவின் தலை ரயரில் உரசும்போது எழுகிற, குளவி ஒன்று வெற்றுப் போத்தலுக்குள் அகப்பட்டதுபோன்ற, ஏறி இறங்கி ஏறுகிற இரைச்சல். அதனூடே செயின் கவசம் தட்டுப்படும் சின்ன உலோகச் சத்தம், ஒரு சுற்றுக்கு ஒருதரம், அவள் நாள்தோறும் முதுகுக்குப் பின்னால் கேட்டுப் பழகிய அதே தாளம். வாளி கைநழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. வீட்டுக்குள் போனாள். நடைக்குள் யாருமில்லை. பின் சில்லு சுழன்றுகொண்டிருந்தது. கம்பிகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கி, மெதுவாகி, நின்றது. சீற்றின் தூசி பெரிதாக ஒரு இடத்தில் அழிந்து, ஈரமாய்க் கறுத்திருந்தது. பெடலுக்கு நேர்கீழே சீமெந்தில் தண்ணீர். உடுவிலில் நல்ல தண்ணீர்க் கிணறுகள்தான். அவள் பழந்துணியால் ஒற்றி எடுத்தபோது எழுந்த மணம், உப்பும் அழுகல் பாசியும் கலந்த கடலேரிச் சேற்று மணம், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை.

ஆரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளிருந்தது. மாஸ்டர் இருந்தார், பூரணம் இருந்தாள். சொல்ல வாய் எழவில்லை.

திங்கட்கிழமை, பொழுதுபடுகிற மம்மல் நேரம், அடுப்படியில் அம்மா தடவித் தடவி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். ஐரிஸ் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"தம்பியை இறங்கச் சொல்லு, பிள்ளை," என்றாள் அம்மா.

ஐரிஸ் ஊதுவதை நிறுத்தினாள்.

"எவ்வளவு நேரமாய் மிதிக்கிறான். மூச்சு வாங்குது அவனுக்கு. உனக்குக் கேக்கேல்லையே?"

அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். ஐரிஸுக்குக் கேட்டது. இரைச்சல். இரைச்சலுக்கிடையில் ஒரு மூச்சு. மூக்கிலும் தொண்டையிலும் தண்ணீர் நின்றுகொண்டு வழிவிடாத மூச்சு, இழுத்து, தடக்கி, இழுத்து.

"ஓம், சொல்லுறன்," என்றாள்.

நடையால் போகவில்லை. பின்கதவால் வெளியே இறங்கி, பங்கருக்கு மேல் அடுக்கியிருந்த மண்மூட்டைகளைக் கடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்கதவால் முன்னறைக்குள் வந்தாள். நடையின் வாசல் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னலை மட்டும் பார்த்தாள். மேற்கே செம்மை இன்னும் மிச்சமிருந்தது. ஜன்னற்படியில் கேம் உயிரோடு கிடந்தது. படகுக்காரன் இக்கரையில் நின்றான். மூலையில் பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு.

மேலேயிருந்து ஒரு குற்றி இறங்கிக்கொண்டிருந்தது. படகுக்கு நேரே.

அவள் யோசிக்கவில்லை. பெருவிரல் அமத்தியது. படகு விலகியது. அதற்குப் பிறகுதான் தான் கதிரையில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த குற்றி. அடுத்தது. ஓர் ஆளை ஏற்றினாள், அக்கரையில் இறக்கினாள், திரும்பி வந்தாள். பின்னால் இரைச்சல் ஒரே சீராக இருந்தது. மிதிக்கிறவருக்குச் சலிக்காத கால். பெடல் சுற்றுக்கு ஒருதரம் நனைந்த துணி இறுகிப் பிரிகிற சத்தம், பிறகு ஒரு சொட்டு, பிறகு மூச்சு. அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை தவறும். கை தவறினால் படகு கவிழும். கவிழ்ந்தால் பின்னால் நின்றுவிடும். அவளுக்கு அது ஒன்றுதான் விளங்கியது, அது மிகத் தெளிவாக விளங்கியது: இது ஓடும்வரை அவன் மிதிக்கிறான். மிதிக்கிறவன் செத்துப்போனவன் இல்லை. வாழ்க்கையில் ஒருநாளும் ஐம்பதுக்குமேல் எடுத்திராத ஐரிஸ் அன்று ஒரு பிழையும் விடவில்லை. பயம்கூடத் தூரத்தில் எங்கோ, வேறு யாருடைய வீட்டிலோ நடப்பதுபோலத்தான் இருந்தது. கிட்ட இருந்தது அந்த மணம்தான். அது வரவர அடர்ந்தது.

திரை வெளுத்தது. அவள் வாய், பழக்கத்தில், தானாகச் சொன்னது.

"மங்குது."

பின்னால் இரைச்சல் கூடியது.

படகு கறுத்தது. அவளுடைய பிடரி மயிர் மெல்ல எழுந்து நின்றது. பெருவிரல்கள் நிற்கவில்லை. இடம். வலம். இடம்.

செம்மை போயிற்று. ஜன்னற் கம்பிகள் கறுத்தன. திரை ஒரு சாம்பல் துண்டு மட்டும். கண்ணைக் கிட்டக் கொண்டுபோனாள். குற்றி எது, படகு எது என்று தெரியவில்லை. காதால் விளையாடினாள். ஒரு கிணுக்கம் என்றால் ஒரு அசைவு. இரண்டு என்றால் ஓர் ஆள் இறங்கிவிட்டான். ஒன்று. ஒன்று. இரண்டு. ஒன்று.

மூன்று.

இரைச்சல் தாழ்ந்தது. குளவி களைத்தது. சில்லு கடகடத்து, மெதுவாகி, ஓய்ந்தது. வீட்டுக்குள் வேறு சத்தமில்லை.

ஸ்ராண்ட் முனகியது. ஆள் இறங்குகிற முனகல்.

சீமெந்தில் ஒரு ஈரக் கால். பிறகு மற்றது.

ஒழுங்கு அதுதான். விளையாடினவர் எழும்பவேண்டும்.

ஐரிஸ் எழும்பினாள். நிலத்தைப் பார்த்தபடி திரும்பினாள். நடை வாசல் வரையும் நிலத்தை மட்டும் பார்த்தாள். நிலையடியில் சுவரோடு ஒட்டி நின்றாள், எப்போதும் நிற்பதுபோல. அவளுடைய வலத் தோளை ஒன்று உரசிக்கொண்டு போனது. குளிர். சட்டைக் கை தோளிலிருந்து முழங்கை வரை நனைந்தது. அவ்வளவுதான். அது போய்விட்டது.

சைக்கிளில் ஏறினாள். சீற் நனைந்து குளிர்ந்திருந்தது. பெடலில் வழுக்குகிற சேறு. ஒருகணம் அப்படியே இருந்தாள். மிதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மிதித்தாள். அவளுடைய காலிலிருந்தே இரைச்சல் எழுந்தது.

பார்க்கவேண்டி வந்தது. மிதிக்கிறவருக்கு வேறு எங்கும் பார்க்க இடமில்லை. ஜன்னலில் வானத்தின் கடைசி வெளிச்சம். அதற்கு முன்னால் கதிரையில் ஒரு தலை, இரண்டு தோள். மயிர் பிடரியோடு ஒட்டிக்கிடந்தது. காது மடலிலிருந்து ஒன்று சொட்டியது. பொத்தான்கள் அமிழ்ந்து எழுந்தன. ஒரு கிணுக்கம். ஒரு கிணுக்கம். இரண்டு. பிழை விடாத கை.

அவனுக்குப் படகு கவிழாது.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் சாப்பிட வாங்கோ."

ஐரிஸ் மிதித்துக்கொண்டிருந்தாள். தொடை நொந்தது. பிறகு எரிந்தது. பிறகு ஒன்றுமில்லை, காலிருந்த இடத்தில் இரண்டு மரக்கட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா இன்னொருதரம் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை. இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள் மேசையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

கால் தளர்ந்தது. இரைச்சல் இறங்கியது.

கதிரையில் இருந்தவனின் தோள்கள் வெளுத்தன. முதுகு வெளுத்தது. அதனூடாக ஜன்னற் கம்பிகள் தெரிந்தன. ஒன்று. இரண்டு. மூன்று.

"அக்கா," என்றது ஜன்னலடி, திரும்பாமல், தண்ணீர் நின்ற தொண்டையால். "மங்குது."

அவள் மிதித்தாள். ஒவ்வொன்றாகக் கம்பிகள் மறைந்தன.